கைப்பிடி உப்பும் தோட்டத்து நினைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தில் விளைந்ததைப் பறித்து, காயவைத்து, உப்பில் ஊறவைத்து, ஜாடியில் அடைத்து வருடம் முழுக்கச் சாப்பிட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை நான். பாட்டி தலைமையில் வீடே அந்த வேலையில் இறங்கும். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்பவர்களுக்கும் தங்கள் வீட்டுத் தோட்டம் ஞாபகத்துக்கு வந்துவிடும், கூடவே கேள்விகளும் வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சின்ன வயதில் செடியிலிருந்து பறித்துத் தின்ற தக்காளியின் ருசி இப்போது கிடைப்பதே இல்லை. இது உண்மையா, வெறும் ஏக்கமா?

பெரும்பகுதி உண்மைதான். தொலைதூரம் போகவேண்டிய தக்காளியைச் செங்காயாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். பிறகு எத்திலீன் என்ற வாயு அதைச் சிவக்க வைக்கிறது. நிறம் வந்துவிடும். ஆனால் கொடியில் இருந்திருந்தால் இலைகள் தயாரித்து அனுப்பியிருக்கும் சர்க்கரை வராது. அதோடு ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தக்காளியை வைத்தால் அதன் வாசனைப் பொருள்கள் உருவாவது குறைந்துபோகிறது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தக்காளி மந்தமாக இருப்பது அதனால்தான். பச்சைப் பட்டாணியும் சோளக்கதிரும் இன்னும் அவசரக்காரர்கள். பறித்த உடனேயே அவற்றின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். செடியின் பக்கத்தில் நின்றபடியே உரித்துத் தின்ற பட்டாணி தித்தித்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால், அந்த ஞாபகத்தை நம்பலாம்.

மீதி கொஞ்சம் ஏக்கம்தான், அதில் தவறில்லை. நாற்று நட்ட நாளிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவருக்கு அந்த முதல் பழம் வேறு ருசியாகத்தான் இருக்கும்.

தக்காளி இலையைக் கசக்கி முகர்ந்தால் கண் கலங்கிவிடுகிறது. ஏன்?

பார்வையும் ஓசையும் மூளையில் ஓர் இடைநிலையத்தைக் கடந்துதான் மற்ற பகுதிகளுக்குப் போகின்றன. வாசனை அந்த நிலையத்தில் நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. வாசனை கிளறிவிடும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்ட காலத்தைச் சேர்ந்தவை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. எனக்கு அது ஈரச் சாக்கின் வாசனை. வெங்காயம் காயப்போட்ட சாக்கு, தூறல் விழுந்து நனைந்திருக்கும்.

"ஒரு கை உப்புப் போடு" என்றுதான் பாட்டி சொல்வார். அந்த ஒரு கை எவ்வளவு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகமாக நேரம் செலவழித்திருக்கிறேன். அதனால் நீளமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் எலுமிச்சையை நான்காகக் கீறி உப்பில் ஊறப்போடுவார்கள். உப்பு, எலுமிச்சை, வெயில், வேறொன்றும் இல்லை. ஒரு கூடை பழத்துக்கு இரண்டு கை உப்பு என்பது என் கண்முன் நிற்கும் காட்சி. பெரியவனானதும் அதை நம்பி மூன்று முறை போட்டேன். இரண்டு முறை பூஞ்சை பிடித்துவிட்டது. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். அவரிடம் கற்ற அத்தை இருந்தார். அவர் வீட்டுக்கு ஒரு தராசை எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தை அள்ளிய ஒரு கை கல்லுப்பு 45 கிராம். என் கையால் அள்ளியது 33. முதல் தவறு அங்கே தெரிந்தது. ஆனால் பெரிய தவறு மூன்றாம் நாள் காலையில்தான் தெரிந்தது. ஜாடியைத் திறந்து குலுக்கிவிட்டு, அத்தை யோசிக்காமல் இன்னொரு கை போட்டார். "இது எப்போ சேர்ந்தது?" என்று கேட்டேன். "எப்பவும் போடுறதுதானே கண்ணு. நீ பள்ளிக்கூடம் போயிருப்பே" என்றார்.

என் நினைவில் பொய் இல்லை. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் நடந்தது மட்டும் அதில் இல்லை. இரண்டு கை போட்டதைப் பார்த்த பிள்ளை மூன்றாவதைப் பார்க்கவில்லை. பழம் 1,200 கிராம், உப்பு மொத்தம் 135 கிராம், அதாவது நூற்றுக்குப் பதினொன்றுக்குச் சற்று மேல். நான் போட்டதோ ஐந்தரைதான்.

நீங்கள் அளக்கும்போது பெரியவர்களின் கையை நிறுத்தி, "இருங்க, எடை போடணும்" என்று சொல்லாதீர்கள். நிறுத்தினால் கை தன் அளவை மறந்துவிடும். உப்பு டப்பாவை வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எடை போடுங்கள். குறைந்ததுதான் அளவு. அதைக் காயின் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் விகிதம் கிடைக்கும். விகிதம் கையில் இருந்தால் கூடைக்கும் போடலாம், ஒரு கிண்ணத்துக்கும் போடலாம். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரு கரண்டி தூள் உப்பு ஒரு கரண்டி கல்லுப்பைவிடக் கனமானது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள்: முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கிப் பிசைந்து புளிக்க வைக்க அதன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உப்பு. முழு வெள்ளரிப் பிஞ்சை உப்புநீரில் போட்டுப் புளிக்க வைக்க நீரில் 3.5 முதல் 5 சதவீதம். மாதக்கணக்கில் வெளியே இருக்கவேண்டிய உப்பு எலுமிச்சை போன்றவற்றுக்குப் பத்துக்கு மேல்.

உப்பு அப்படி என்னதான் செய்கிறது?

காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. அந்த உப்புநீரில் அழுகச் செய்யும் கிருமிகள் பலவற்றால் பிழைக்க முடியாது. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நல்ல கிருமிகளுக்கு மிதமான உப்பு பிரச்சினையில்லை. அவை பெருகிப் புளிப்பை உண்டாக்க, அந்தப் புளிப்பு மற்றவற்றை விரட்டுகிறது. காய் உப்புநீருக்குள் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும் என்பது இதனால்தான். பாட்டி ஜாடிக்குள் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கழுவிக் காய்ந்த கல்லை வைப்பார். அந்தக் கல்லைத் தொடக்கூடாது என்பது எங்களுக்கு இருந்த கட்டளைகளில் முதலாவது.

எங்கள் வீட்டுப் பெரியவர் இன்னும் இருக்கிறார். எப்படிக் கேட்டு எழுதிக்கொள்வது?

"செய்முறை சொல்லுங்கள்" என்று கேட்டால் இரண்டு வரிதான் கிடைக்கும். அவர் ஒளிக்கவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வருவதில்லை, அவ்வளவுதான். அதனால் காயை வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் கொட்டுங்கள். கை தானாக நகரும், அதன் பின்னால் பேச்சு வரும்.

நான் கேட்டதிலேயே அதிகம் தந்த கேள்வி, "எப்போது கெட்டுப்போச்சு? எதைத் தூக்கிப் போட்டீங்க?" என்பதுதான். சரியாக வந்ததைப் பற்றி யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. கெட்டுப்போன கதையில்தான் விதிகள் இருக்கின்றன. மழைக்கு முந்தின நாள் பறித்த மிளகாய், சோப்பு வாடை போகாத ஜாடி, ஈரக் கரண்டி போட்ட மருமகள், மூடியைச் சரியாகத் துடைக்காத பிள்ளை என்று அத்தை இரண்டு மணி நேரம் பேசினார். அந்த இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டால் என் நோட்டுப்புத்தகத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

படம் எடுப்பதானால் முகத்தை விட்டுவிட்டுக் கையை எடுங்கள். ஓசையையும் பதிவு செய்யுங்கள். காய்ந்த அவரை நெற்றைக் காதருகே குலுக்கிப் பார்த்து, "கலகலன்னு சொல்லணும், முணுமுணுன்னா இன்னும் காயலை" என்று அத்தை சொன்னதை எழுத்தில் வைத்தால் பாதிதான் புரியும். ஓர் உட்காரலில் ஒரு பொருள் போதும். அவர் சொல்வது தவறாகப் பட்டாலும் அப்போது திருத்தாதீர்கள். குறித்துக்கொண்டு பிறகு சரிபாருங்கள். திருத்தப்பட்டவர் அடுத்த முறை சுருக்கமாகத்தான் பேசுவார்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பாட்டியிடம் கேட்கலாம் கேட்கலாம் என்று நான் இருந்துவிட்டேன்.

கேட்க யாரும் இல்லையே, என்ன செய்வது?

உங்களோடு வளர்ந்தவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று பேரிடம் மூன்று துண்டுகள் இருக்கும். என் தம்பிக்குச் செய்முறை ஒன்றும் தெரியாது. ஆனால் ஜாடி எந்த ஜன்னலோரம் எத்தனை நாள் இருந்தது என்பது அவனுக்குத்தான் தெரிந்தது. அங்கேதான் அவன் படுத்துத் தூங்குவான். பழைய பாத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள், ஜாடியின் கொள்ளளவே ஒரு குறிப்பு.

எழுதும்போது நினைவை ஒரு மையிலும், நம்பகமான செய்முறையிலிருந்து எடுத்த அளவை வேறொரு மையிலும் எழுதுங்கள். உங்களுக்குப் பின் படிப்பவருக்கு எது பாட்டியுடையது, எது நிரப்பியது என்று தெரிய வேண்டும்.

அந்தக் காலத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. இப்போது எதற்கு இவ்வளவு எச்சரிக்கை?

ஆகாதவர்கள்தான் இருந்து கதை சொல்கிறோம் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது, பழைய முறைகளில் பெரும்பாலானவை நிஜமாகவே பாதுகாப்பானவை: நன்றாக உலர்ந்தது, உப்பு மிகுந்தது, புளிப்பு மிகுந்தது, சர்க்கரை மிகுந்தது. ஆபத்து வருவது இவை எதுவும் இல்லாமல் காற்றுப் புகாத பாட்டிலில் காயை அடைக்கும்போதுதான்.

பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வேகவைத்துப் பாதுகாக்கும் முறையைப் பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா அப்பெர் 1810ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அவருக்கு அரசாங்கம் 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அது ஏன் வேலை செய்கிறது என்று அவருக்கே தெரியாது. கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

மண்ணில் எங்கும் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. காற்று இல்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். எல்லைக்கோடு பிஎச் 4.6. பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், புளிப்புக் குறையக் குறைய அது கூடும். அதற்கு மேலே உள்ளவை, அதாவது பீன்ஸ், கேரட், சோளம், பட்டாணி, பூண்டு போன்றவை, வெறும் நீரோடு மூடிய பாட்டிலில் வெளியே இருக்க வேண்டுமானால் 121 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். பாட்டிலில் அடைப்பதற்கென்றே உள்ள அழுத்தக் கலமும், சோதித்துப் பார்த்த நேரக் கணக்கும் இல்லாமல் வீட்டில் இதைச் செய்யவேண்டாம். ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில் வைத்துவிடுங்கள்.

தக்காளி எல்லைக்கோட்டிலேயே நிற்கிற பழம். சில வகைகள் 4.6க்கு இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். அதனால் பாட்டிலில் அடைக்கும்போது ஏறக்குறைய லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். அதுவும் பாட்டிலில் வரும் சாறாக இருந்தால் நல்லது, புளிப்பு எப்போதும் ஒரே அளவாக இருக்கும். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டை வெளியே வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இந்த நஞ்சுக்கு வாசனையோ ருசியோ இருக்கவேண்டும் என்பதில்லை. பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒருமுறை ஒரு பாட்டிலின் மூடி உப்பியிருந்தது. யாரோ வேகவைத்த பீன்ஸை அடைத்துக் கொடுத்திருந்தார்கள். பாட்டி திறக்கவே விடவில்லை. கோழிக்குப் போடலாமே என்று அப்பா சொன்னதற்கும் தலையாட்டவில்லை. குழி தோண்டி மூடியோடு புதைக்கச் சொன்னார். ஏன் என்று அவரால் விளக்க முடிந்திருக்காது. விதி மட்டும் தெரியும், அதில் துளியும் விட்டுக்கொடுக்கமாட்டார். பெரியவர்களின் நினைவைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ருசியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கண்டிப்பை விட்டுவிடுகிறோம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காயவைத்த காய்களில் பூஞ்சை வருகிறது. எங்கே தவறு?

ஒன்று, போதுமான அளவு காயவில்லை. அல்லது, காய்ந்ததைச் சூட்டோடு அடைத்துவிட்டீர்கள். வெயிலில் காயவைக்க 30 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்று ஈரமாக இருந்தால் காய் காயாது, புழுங்கும். அப்படிப்பட்ட ஊர்களில் உலர்த்தும் கருவியை 60 டிகிரியையொட்டி வைத்துச் செய்வதே நல்லது. துண்டுகள் ஒரே கனமாக இருக்கட்டும். பீன்ஸ் போன்றவற்றை 3 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நிறம் போகாது. நிறத்தையும் ருசியையும் கெடுக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் அடங்கிவிடும்.

பொழுது சாயும் முன் எடுத்து உள்ளே வைக்கவேண்டும் என்பது எங்கள் வேலை. பகல் முழுக்கக் காய்ந்தது இரவுப் பனியில் ஈரத்தை மறுபடி குடித்துவிடும். காய்கறி முறித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். பழம் தோல்போல வளையலாம், ஆனால் பிழிந்தால் ஈரம் கசியக்கூடாது. ஆறியபின் ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, ஒரு வாரம் தினமும் ஒருமுறை குலுக்குங்கள். உள்ளே ஆவி படிந்தால் மறுபடி வெயிலுக்கு.

பறவைகளை விரட்டக் கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்த மதியங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். காவலுக்கு உட்கார்ந்த பிள்ளைதான் பாதி காய்ந்த தக்காளித் துண்டுகளில் முதல் வரிசையைத் தீர்த்தது. பாட்டி அதற்கென்றே ஒரு வரிசை கூடுதலாகப் போட்டிருக்கிறார் என்று அத்தை சொல்லித்தான் தெரிந்தது.

பூசணி, வெங்காயம் எல்லாம் சும்மா பரணில் மாதக்கணக்கில் இருந்தனவே?

சும்மா இல்லை. வெங்காயத்தைப் பிடுங்கியபின் காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்தி, கழுத்துப் பகுதி காகிதம்போல ஆனபிறகு எடுத்து வைப்பார்கள். பூசணியைக் காம்போடு அறுத்து, வெதுவெதுப்பான இடத்தில் பத்து நாள் போட்டுத் தோலை இறுகவிடுவார்கள். காம்பு ஒடிந்த பூசணி முதலில் சமைக்கவேண்டியது. உருளைக்கிழங்கு இருட்டில் இருக்க வேண்டும். பச்சை பிடித்ததும் நிறைய முளைவிட்டதும் வேண்டாம்.

உப்புநீரில் போட்ட வெள்ளரி கொழகொழவென்று ஆகிறதே?

பூ இருந்த முனையை இரண்டு மில்லிமீட்டராவது நறுக்கி எறியுங்கள். காயை இளக்கும் நொதிகள் அங்கேதான் அதிகம். பறித்த அன்றே போடுங்கள். வெக்கை அதிகமான இடத்தில் ஜாடியை வைக்காதீர்கள்.

ஜாடியின் மேலே வெள்ளையாகப் படிகிறது. எறிந்துவிடவா?

மெல்லிய, மழமழப்பான வெள்ளை ஏடு என்றால் அது ஒருவகை ஈஸ்ட். எடுத்துவிட்டு, காய் உப்புநீருக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சுபோல, அல்லது பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தால் அது பூஞ்சை. எல்லாவற்றையும் எறியுங்கள். ஜாமும் அப்படித்தான், மேலே வழித்துவிட்டுக் கீழே சாப்பிடுவது சரியல்ல.

பாட்டியின் விதைகளை மீட்க முடியுமா?

டப்பாவில் பழைய விதை கிடைத்தால் இன்றே சோதியுங்கள். ஈரத் துணியில் பத்து விதையைச் சுற்றி ஒரு வாரம் வைத்தால் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று தெரிந்துவிடும். வெங்காய விதை ஓரிரு வருடம்தான் தாங்கும். அவரை, பட்டாணி மூன்று நான்கு வருடம். தக்காளி அதற்கும் மேல் தாக்குப்பிடிக்கும். குளிர்ச்சியும் வறட்சியுமான இடத்தில் இருந்தால் இன்னும் நீளும்.

புதிதாகச் சேமிக்கத் தொடங்குபவர்கள் தக்காளி, அவரை, பட்டாணியில் தொடங்குங்கள். இவை பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தையே ஏற்பவை. பிள்ளை தாயைப்போலவே இருக்கும். தக்காளி விதையை அதன் வழவழப்போடு கொஞ்சம் நீரில் 2, 3 நாள் புளிக்கவிட்டு, அலசி, தட்டில் உலர்த்த வேண்டும். முளைப்பதைத் தடுக்கும் அந்த வழவழப்பு போய்விடும். 'எஃப் 1' என்று எழுதிய கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை அதே குணத்தைத் தராது.

பூசணி, சுரை, வெள்ளரி குடும்பத்தில் மட்டும் கவனம். பூச்சிகள் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதால் எது எதோடு கலந்தது என்று தெரியாது. குப்பைக்குழியில் தானாக முளைத்த கொடியின் காய் சில சமயம் கடுங்கசப்பாக இருக்கும். அது குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள், சமைத்தாலும் போகாது. பாட்டி சுரைக்காயை நறுக்கும்போதெல்லாம் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சமைப்பார். அவருக்குப் பசி என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய ஜாடியையே பயன்படுத்தலாமா?

விரிசலோ மெருகு உரிந்த இடமோ இருந்தால் வேண்டாம். பழைய பீங்கான் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். புளிப்பும் உப்பும் அதைக் கரைத்து இழுத்துவிடும். ஈயம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு கண்ணாடி ஜாடியில் போடுங்கள். அலுமினியம், செம்பு, இரும்புப் பாத்திரங்களில் புளிப்பானதை ஊறவைக்கவே கூடாது.

எனக்குத் தோட்டத்து நினைவுகள் இனிமையானவை அல்ல. எல்லோரும் கொண்டாடும்போது சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

சொல்லுங்கள். தோட்டம் எல்லா வீட்டிலும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. விளைந்ததைப் பதப்படுத்தாவிட்டால் அடுத்த சில மாதம் தட்டு காலி என்ற வீடுகளில் பிள்ளைகளின் விளையாட்டு நேரம்தான் அதற்கு விலையாகப் போனது. விரல் எரிய மிளகாய்க் காம்பு கிள்ளியது, விளையாடப் போகும் பிள்ளைகளைப் பார்த்தபடி களை பிடுங்கியது, மூன்று மாதம் தினமும் அதே பூசணியைச் சாப்பிட்டது எல்லாமே உண்மையான நினைவுகள்தான்.

என் அம்மாவிடம் கேட்டபோது, "உனக்கு அது திருவிழா. எனக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நின்ன காலு" என்றார். அவர் சொன்ன பிறகுதான் என் நினைவிலுள்ள எல்லாக் காட்சிகளிலும் அவர் நின்றுகொண்டே இருப்பதைக் கவனித்தேன். இப்போது அந்த நாள்களைப் பற்றி எழுதும்போது யார் உட்கார்ந்திருந்தார், யார் நின்றார் என்பதையும் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். கசப்பானதை நீக்கிவிட்டு எழுதினால் அது வேறு யாருடைய வீடோ ஆகிவிடும்.

என் பிள்ளைகளுக்கும் இப்படி நினைவுகள் கிடைக்க என்ன செய்யலாம்? எங்களிடம் பால்கனிதான் இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் விழுந்தால் 20 லிட்டர் வாளியில் ஒரு தக்காளிச் செடி வளரும். மிளகாய்க்கு அதில் பாதி போதும். சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை குறைவு, அதனால் ஒரு மாதத்துக்குள் பிடுங்கிவிடக்கூடிய சிவப்பு முள்ளங்கி நல்லது. அந்தச் செடி முழுக்க அவர்களுடையதாக இருக்கட்டும். தண்ணீர் விட மறந்து வாடினாலும் நீங்கள் ஓடிப்போய்க் காப்பாற்றாதீர்கள்.

மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலும் பிற்காலத்தில் நினைவில் நிற்பதில்லை. நான்கைந்து வயதிலிருந்து உண்மையான வேலை கொடுங்கள். விளையாட்டு வேலையை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எலுமிச்சையை உப்பில் பிசைவது, ஜாடியைக் குலுக்குவது, தேதிச் சீட்டு எழுதி ஒட்டுவது எல்லாம் அவர்களால் முடியும். தராசில் எண் ஏறுவதைப் பார்த்துப் படிக்க என் மகளுக்கு அப்படிப் பிடிக்கும். மூன்றாம் நாள் உப்பை அவள் பள்ளியிலிருந்து வந்த பிறகுதான் போடுகிறோம்.

பாட்டி கடைசியாகப் போட்ட ஜாடி இன்னும் இருக்கிறது. சாப்பிடலாமா, அப்படியே வைத்திருப்பதா?

முதலில் அது என்ன என்று பாருங்கள். பாட்டிலில் அடைத்த காய்கறியாக இருந்தால் சாப்பிட வேண்டாம், திறக்கவும் வேண்டாம். உப்பு நிறைந்த எலுமிச்சை என்றால் வருடங்கள் தாங்கும். கருத்துப்போவது இயல்பு. பூஞ்சை இல்லை, மூடி உப்பவில்லை, வாசனை சுத்தமாக இருக்கிறது, பழம் நீரில் மூழ்கியிருக்கிறது என்றால் சாப்பிடலாம். சாப்பிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அவர் சாப்பிடத்தான் போட்டார்.

எங்கள் ஜாடியை 11 மாதம் தொடாமல் வைத்திருந்தோம். பிறகு அத்தை வீட்டில் ஒன்றாகக் கூடி, ஆளுக்கு ஒரு கீற்று எடுத்துக்கொண்டோம். அடியில் மிஞ்சிய உப்புநீரில் இரண்டு கரண்டி எடுத்து, அன்றே போட்ட புது ஜாடியில் ஊற்றினார் அத்தை. நான் தராசு வாங்கியது அதற்கும் பிறகுதான். வருடா வருடம் பழைய நீரிலிருந்து இரண்டு கரண்டி புதியதற்குப் போகிறது. போன வருடம் உப்பை நான் எடை போட்டு வைத்தேன், அத்தை அதைப் பார்க்காமல் தன் கையால் அள்ளினார். மூன்று கைக்கும் சேர்த்து 4 கிராம்தான் வித்தியாசம்.